யார் வீட்டுப் பிள்ளை?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், பிற்பகல் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவது கடினம் என்று தெரிந்தும் செயலாளர் எனக்கு இந்த நேரத்தைத் தந்திருக்கிறார். முப்பத்தொரு வருடம் கண்டி நகரில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். உறுதிகளையும் சத்தியக்கடதாசிகளையும் தட்டெழுதிய கை இது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தாள்கள்தான். ஆகவே தாளைப் பற்றியே பேசப் போகிறேன். தாளில் இருக்கும் குடும்பத்துக்கும் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியது இந்தப் பேச்சு. முடிவில் சங்கத்திடம் ஒரு கோரிக்கையும் உண்டு.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு கேள்வி பழக்கமானது. புதிதாக ஒரு பிள்ளையைக் கண்டால் பெரியவர்கள் பெயரைக் கேட்கமாட்டார்கள். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். எந்த லயம், எந்தக் காம்பரா, யார் சோறு போடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். என்னைக் கேட்டால் நான் பெரியம்மாவின் பெயரைச் சொல்வேன். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். கலஹாப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் அந்தப் பதில் போதுமாக இருந்தது.

1972 ஜனவரியில் புலமைப்பரிசில் சித்தியோடு இந்தப் பள்ளிக்கு வந்தபோதுதான் அது போதாது என்று தெரிந்தது. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா இறந்துவிட்டார். அப்பா முந்திய ஆண்டு தம்பியைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அம்மாவின் அக்காவான பெரியம்மா பிள்ளைகளற்ற விதவை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தார். அனுமதிப் படிவத்தில் தந்தை பெயர், தந்தையின் தொழில், தாய் பெயர், பெற்றோர் கையொப்பம் என்று வரிசையாக இருந்தது. பெரியம்மாவுக்கு அதில் இடமே இல்லை. அலுவலக மேசையில் இருந்தவர் கெட்டவர் இல்லை. "பெற்றோர் வரவேண்டும்" என்று படிவத்தில் இருந்ததை அவர் வாயால் சொன்னார், அவ்வளவுதான்.

பெரியம்மா திரும்பிப் போய்க் கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தார். அது போதவில்லை. பிறகு தோட்டத்து அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கினார். அதுவும் போதவில்லை. மூன்றாம் முறை ஒரு சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, அதில் பெருவிரல் அடையாளம் வைத்துக் கொண்டுவந்தார். மூன்று நாள் பேர் போனது. தோட்டத்தில் பேர் போவது என்றால் என்னவென்று வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைய வேலைக்குப் பெயர் பதியாது, சம்பளம் கிடையாது. தோட்டங்களில் பட்டினி கிடந்த அந்த வருடங்களில் மூன்று பேர் என்பது சிறிய தொகை அல்ல.

அந்தச் சத்தியக்கடதாசியில் என்ன எழுதியிருந்தது என்று பல வருடங்களுக்குப் பிறகு, அதே மாதிரிக் கடதாசிகளை நானே தட்டெழுதத் தொடங்கியபோது நினைத்துப் பார்த்தேன். என்னைப் பெறாத ஒருத்தி, என்னைத் தான்தான் வளர்க்கிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பெற்றவர்களிடம் யாரும் அந்தச் சத்தியத்தைக் கேட்பதில்லை.

இப்போது என் கதையை விட்டு, நாம் நிற்கும் இந்த ஊரின் கதைக்கு வருகிறேன். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள், தலைவர் அப்பா என்பது ஆதிகாலம் தொட்டு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கண்டியில் இருந்துகொண்டு அப்படி நினைக்கவே முடியாது.

கண்டி இராச்சியத்தின் சிங்கள மக்களிடையே இரண்டு வகை விவாகம் இருந்தது. பெண் கணவன் வீட்டுக்குப் போனால் அது தீக விவாகம். கணவன் பெண் வீட்டுக்கு வந்து இருந்தால் அது பின்ன விவாகம். பின்ன விவாகம் செய்தவள் தகப்பன் வீட்டுச் சொத்தில் தன் பங்கை இழப்பதில்லை. இவை இன்றும் பழங்கதை ஆகிவிடவில்லை. கண்டிய விவாகச் சட்டத்தின் கீழ் பதியும்போது, தீகவா பின்னவா என்று பதிவாளர் இன்றைக்கும் எழுதவேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. சகோதரர்கள் இருவர் ஒரே பெண்ணோடு ஒரே வீட்டில் வாழும் வழக்கம். நிலம் துண்டுபடாமல் இருக்க அது உதவியது என்பார்கள். அதற்கு ஊர் வைத்திருந்த பெயரின் பொருள், 'ஒரே வீட்டில் உண்ணுதல்' என்பது. படுக்கையைச் சொல்லாமல் அடுப்பைச் சொன்னார்கள் பாருங்கள். அந்த வழக்கம் திரும்பவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்டார்களா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் யார் ஒரு குடும்பம் என்பதை அந்த ஊர் எதைக்கொண்டு அளந்தது என்பதைக் கவனியுங்கள்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1859இல் அவர்கள் ஒரு விவாகச் சட்டம் கொண்டுவந்தார்கள். கண்டிப் பிரதானிகள் சிலரும் அதை விரும்பிக் கேட்டிருந்தார்கள். ஒருவனுக்கு ஒருத்தி என்பது மட்டுமே விவாகம், பதிந்தால் மட்டுமே விவாகம், குற்றம் நிரூபித்தால் மட்டுமே பிரியலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. விளைவு என்ன? ஊர் வழக்கப்படி சேர்ந்து வாழ்ந்தவர்கள் பலர் பதியவே இல்லை. நேற்றுவரை கணவன் மனைவியாக இருந்தவர்கள் சட்டத்தின் முன் யாரோ இருவர் ஆனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் என்று கணக்காயின. வீட்டுக்குள் எதுவும் மாறவில்லை, தாள் மாறியது. பதினொரு ஆண்டுகளுக்குள், 1870இல், அரசாங்கமே இறங்கிவந்து சட்டத்தைத் திருத்தவேண்டியிருந்தது. இருவரும் சம்மதித்தால் பிரியலாம் என்ற பழைய வழக்கம் மீண்டும் சேர்ந்தது. இன்றுவரை கண்டியச் சட்டத்தில் அது இருக்கிறது. பொது விவாகச் சட்டத்தின் கீழ் மணந்த உங்களுக்கும் எனக்கும் அது இல்லை. நாம் பிரியவேண்டுமானால் ஒருவரைக் குற்றவாளி ஆக்கியே பிரியவேண்டும்.

இது கண்டிச் சிங்களவரின் கதை. அதே மலைகளில் கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்து சேர்ந்த நம் முன்னோருக்கு நடந்தது வேறு. அங்கே தாள் குடும்பத்தை இரண்டாகவே வெட்டியது.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த நாட்டில் பிறந்தது போதாது, தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. தாய் எங்கே பிறந்தாள் என்பதைச் சட்டம் பொருட்படுத்தவே இல்லை. ஒரு தாய் தன் பிரசாவுரிமையைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் மாற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து வருடம்!

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். பிறகு 1974இல் அந்த மிச்சத்தைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எண்களைப் பிரிப்பது சுலபம். லயத்துக் காம்பராவில் ஒரே அடுப்பில் சமைத்த எட்டுப் பேரை எப்படிப் பிரிப்பது? விண்ணப்பத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள். தாய் ஒரு பட்டியல், மணமான மகன் இன்னொரு பட்டியல். அக்கா இங்கே, தங்கை அங்கே. கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தில் வரிசையில் நின்று கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வாங்கினார்கள். அந்த அட்டையில் பெயர் இருந்தவர்கள் குடும்பம். பெயர் இல்லாதவர்கள், இருபது வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டிருந்தாலும், வழியனுப்ப வந்தவர்கள். தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அந்த ரயிலை வழியனுப்பிய மேடையில் நின்றவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

என் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அப்பா விண்ணப்பித்தபோது என் பெயரையும் எழுதியிருந்தார். புலமைப்பரிசில் கிடைத்ததால், படிப்பு கெடவேண்டாம் என்று என்னைப் பெரியம்மாவோடு விட்டுப்போனார். ஆகவே தாளில் நான் மண்டபம் முகாமில் இறங்கி இந்தியாவில் எங்கோ வாழ்ந்துகொண்டிருந்தேன். ஆள் மட்டும் கண்டியில், இந்த மண்டபத்தில், காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தேன். படிப்பு முடிந்ததும் அரச வேலை எதற்கும் விண்ணப்பிக்க முடியவில்லை. பெரியம்மாவுக்கு இலங்கைப் பிரசாவுரிமை இருந்தது, ஆனால் சட்டத்தின் முன் அவர் எனக்கு யாருமில்லை. நொத்தாரிசு ஐயா தாள் கேட்காமல் என்னை வேலைக்கு எடுத்தார். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் எனக்குப் பிரசாவுரிமை வந்தது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதைக் காட்டுவதற்குப் பெரியம்மா உயிரோடு இல்லை.

அவர் 1994இல் காலமானார். மரணத்தைப் பதியப் போனபோது பதிவாளர் என்னிடம், "இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை?" என்று கேட்டார். பல வருடமாகத் தாள்களில் பொய் எழுதக்கூடாது என்று பழகியவள் நான். ஆனாலும் "மகள்" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைப்பவர்களுக்கு, நான் அலுவலகத்தில் பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன்.

கண்டி மாவட்டத்தில் அரச காணிகளுக்கான அளிப்புப் பத்திரங்கள் ஏராளம். அவற்றுக்கு அடிப்படையான காணி அபிவிருத்திச் சட்டம் 1935இல் வந்தது. பின்னுரித்தாளி யார் என்று எழுதிவைக்காமல் ஒருவர் இறந்தால், மகனுக்குப் பிறகே மகள், பேரனுக்குப் பிறகே பேத்தி என்றது அது. வீட்டிலிருந்து தகப்பனைப் பார்த்தவள் மூத்த மகளாக இருக்கும். காணி கொழும்பில் இருக்கும் இளைய மகனுக்குப் போகும். எத்தனை மகள்மார் எங்கள் வாங்கில் இருந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள்! 2022இல்தான் ஆண், பெண் வேறுபாடு அதிலிருந்து நீங்கியது.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கு வருவது வழக்கம். மாப்பிள்ளைதான் வந்து சேருவார். கடல் அந்த வீடுகளைக் கொண்டுபோன பிறகு, புதிய வீட்டைக் 'குடும்பத் தலைவர்' பெயரில் எழுதினார்கள். தலைவர் என்றால் ஆண் என்று உத்தியோகத்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். பல தலைமுறையாகப் பெண் பெயரில் இருந்த வீடு, ஒரு படிவத்தின் ஒரு சொல்லால் ஆண் பெயருக்கு மாறியது.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் தாய்மாரைப் பாருங்கள். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவைப் பக்கங்களில் அப்படிப் போனவர் இல்லாத ஒரு ஊரைக் காட்டுங்கள். 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகமுடியாது. மற்றத் தாய்மாருக்கும், பிள்ளையை யார் பார்ப்பது என்று அதிகாரிகள் எழுதித் தரவேண்டும். 2022இல் அந்த ஐந்து வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளைகளைப் பற்றிய கவலை நியாயமானதுதான், அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் தகப்பன் கட்டாருக்குப் போகும்போது, உன் பிள்ளையை யார் பார்ப்பது என்று யாரும் அறிக்கை கேட்கவில்லை. தாய் போனால் குடும்பம் உடைந்தது. தகப்பன் போனால் குடும்பம் முன்னேறுகிறது. இரண்டு வீட்டிலும் பிள்ளைக்குத் தலைவாரிவிடுவது பெரும்பாலும் அம்மாச்சியோ அப்பாயியோதான். அவர்களை எந்த அறிக்கையும் குடும்பத் தலைவி என்று எழுதுவதில்லை.

இன்றைக்கு இந்த நாட்டில் ஏறக்குறைய நான்கு வீட்டுக்கு ஒன்று பெண் தலைமை தாங்கும் வீடு. யுத்தத்தில் கணவனை இழந்தவர், காணாமல்போன கணவனுக்காகக் காத்திருப்பவர், விட்டுப்போகப்பட்டவர், மணமே செய்யாதவர் எல்லாரும் அதில் அடக்கம். நான்கில் ஒன்று என்றால் அது விதிவிலக்கு இல்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் பத்துப் பிள்ளைகளின் வீடு அது.

குடிசன மதிப்பீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் விளக்கத்தை ஒருநாள் வாசித்தேன். ஒன்றாக வாழ்ந்து, உணவுக்கு ஒன்றாக ஏற்பாடு செய்துகொள்பவர்கள் ஒரு குடித்தனம். அவர்கள் உறவினர்களாக இருக்கவேண்டியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய கண்டிக் கிராமம் சொன்ன 'ஒரே வீட்டில் உண்ணுதல்', எங்கள் லயத்துப் பெரியவர்கள் கேட்ட 'யார் வீட்டுப் பிள்ளை', அரசாங்கத்தின் கணக்கெடுப்பு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆட்களை எண்ண வரும்போது அரசாங்கமும் அடுப்பைத்தான் பார்க்கிறது. ஏதாவது கொடுக்க வரும்போது மட்டும் அப்பாவின் கையொப்பத்தைக் கேட்கிறது.

இன்னொரு வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். மூத்த அக்காமார் சிலருக்கு அந்த வீடு தெரியும். வாவிக்கு மேலே, ஏற்றத்தில், நம் ஆசிரியைகள் இருவர் முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்த வீடு. ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், மற்றவர் காலியிலிருந்து வந்தவர். இருவரும் மணம் செய்யவில்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன என்று நாங்கள் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் அங்கே போனால் ஒருவர் கணக்குச் சொல்லித்தருவார், மற்றவர் பால் தேநீர் தருவார். வீடு யாழ்ப்பாணத்து டீச்சரின் பெயரில் இருந்தது. அவர் திடீரென்று காலமானபோது இறுதி விருப்ப ஆவணம் ஏதும் எழுதியிருக்கவில்லை. சட்டப்படி சொத்து சகோதரரின் பிள்ளைகளுக்குப் போனது. அவர்கள் சட்டத்தை மீறவில்லை. மூன்று மாத அவகாசமும் கொடுத்தார்கள். காலி டீச்சர் இரண்டு பெட்டிகளோடு முதியோர் இல்லத்துக்குப் போனார். ஆவணங்களைத் தட்டெழுதியவள் நான். முப்பது வருட வாழ்க்கைக்கு அந்தத் தாள்களில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

இங்கே தனியாக, அல்லது தோழியோடு, தங்கையோடு, வளர்த்த பிள்ளையோடு வாழும் எல்லாருக்கும் ஒரு எழுதுவினைஞராகச் சொல்கிறேன், தயவுசெய்து இறுதி விருப்ப ஆவணம் எழுதுங்கள். நம் பொதுச் சட்டத்தில் உங்கள் சொத்தை யாருக்கும் எழுதிவைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். ஒரு பகல் வேலை. "இன்னும் காலம் இருக்கிறதே" என்று அந்த டீச்சரும் நினைத்திருப்பார். உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்கள் பெயர் ஏதாவது ஒரு தாளிலாவது இருக்கட்டும். முஸ்லிம் சகோதரியருக்கும், யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கும் விதிகள் சற்று வேறு. அவர்கள் ஒரு சட்டத்தரணியைக் கேட்டுச் செய்யுங்கள்.

இப்போது சொல்ல விரும்பாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

நம் சங்கத்தின் உதவித்தொகைக் குழுவில் ஆறு வருடம் இருந்தேன். ஒருமுறை உயர்தர வகுப்புக்குப் போகவிருந்த ஒரு பிள்ளையின் விண்ணப்பம் வந்தது. நல்ல பெறுபேறு. தந்தை பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு. தாய் குவைத்தில். பெற்றோர் கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் அடையாளம். பக்கத்தில், பிள்ளையின் கையெழுத்தில், 'அம்மாச்சி' என்று இருந்தது. நாற்பது விண்ணப்பங்கள், பதினைந்து பேருக்குத்தான் பணம். முதலில் பூர்த்தியற்ற விண்ணப்பங்களை ஒதுக்கிவிடுவோம் என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சரி என்றோம். அந்தத் தாளை எடுத்து ஒதுக்கிய கட்டில் வைத்தது என் கை.

கேளுங்கள், பெருவிரல் அடையாளத்தைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விதி விதிதான் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் தாளோடு இருந்தால் மனிதர் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள். சில மாதம் கழித்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு துணிக்கடையில் என்னை அடையாளம் கண்டு ஒரு பிள்ளை வணக்கம் சொன்னாள். பெயரைக் கேட்டேன். அவள்தான். பள்ளியை விட்டுவிட்டாள். "உதவித்தொகை கிடைக்கேல்லயா?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் போல. "அப்பா சைன் வைக்கணுமாம் மிஸ்" என்றாள். அவள் என்மேல் குறை வைத்துச் சொல்லவில்லை. மழை வரும்போல என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவளை மீண்டும் வகுப்பில் சேர்க்க முயன்றேன். அதற்குள் அவளுடைய சம்பளம் இல்லாமல் அம்மாச்சிக்கு மருந்து இல்லை என்றாகியிருந்தது.

1972இல் என் பெரியம்மா மூன்று நாள் பேர் இழந்து தாண்டிய அதே கதவை, நான் உள்ளே இருந்துகொண்டு அந்த அம்மாச்சிக்குச் சாத்தினேன். இதைச் சொல்லத்தான் இன்று மேடைக்கு வர ஒப்புக்கொண்டேன்.

சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. அதற்குக் காலம் எடுக்கும் என்று மேலே சொன்ன ஆண்டுகளே காட்டுகின்றன. ஆனால் நம் சங்கத்தின் படிவம் நாம் அச்சடிப்பது. அதை மாற்ற ஒரு கூட்டமும் ஒரு தீர்மானமும் போதும். ஆகவே என் கோரிக்கை இதுதான்.

உதவித்தொகைப் படிவத்தில் தந்தை, தாய், தொழில் என்ற முதல் மூன்று வரிகளை எடுத்துவிடுவோம். அந்த இடத்தில், "உங்களை வளர்ப்பவர் யார்? அவர் உங்களுக்கு என்ன முறை?" என்று இரண்டு கேள்விகள் வைப்போம். கையொப்பமோ பெருவிரலோ அவர் வைத்தால் போதும். சந்தேகம் இருந்தால் வகுப்பாசிரியை ஒரு வரி எழுதட்டும். எந்தப் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று வகுப்பாசிரியைக்குத் தெரியாமல் இருக்காது. ஏமாற்றுவார்களே என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். இரண்டு பெற்றோரின் கையொப்பம் இருந்த விண்ணப்பங்களில் வருமானத்தைக் குறைத்து எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். இரண்டு கையொப்பம் இருந்ததால் அவை உண்மையாகிவிடவில்லை.

பரிசளிப்பு விழா அழைப்பிதழில் 'திரு, திருமதி' என்றும் 'பெற்றோர்' என்றும் அச்சடிக்கிறோம். 'வீட்டார்' என்று போடுவோம். நல்ல தமிழ்ச் சொல், யாரையும் வெளியே நிறுத்தாது. என் பெரியம்மா நான் பரிசு வாங்கிய ஒரு விழாவுக்கும் மண்டபத்துக்குள் வரவில்லை. அழைப்பிதழில் பெற்றோர் என்று இருக்கிறதே என்பார். வெளியே மரத்தடியில் நிற்பார்.

ஒதுக்கிய கட்டில் கிடக்கும் பழைய விண்ணப்பங்களை, குறைந்தது கடந்த ஐந்து வருடத்தையாவது, ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவர்களில் யாராவது இப்போதும் படிக்க விரும்பினால், அந்தச் செலவை நாம் ஏற்போம். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தோழியர், நூற்றாண்டுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டீர்கள். கட்டடத்துக்கு ஏற்கெனவே ஆள் உண்டு. இதற்குக் கொடுங்கள். முதல் காசோலையாக என் சேமலாப நிதியிலிருந்து ஒரு பங்கைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

தீர்மானம் இன்று மாலைப் பொதுக்கூட்டத்தில் வருகிறது. கையை உயர்த்துமுன் ஒரு நிமிடம் நீங்கள் வளர்ந்த வீட்டை நினையுங்கள். உங்கள் சீருடையைத் துவைத்தவர், காய்ச்சலில் விழித்திருந்தவர், பஸ் காசை முந்தானையில் முடிந்து வைத்தவர் எத்தனை பேரின் பெயர் எந்தப் படிவத்திலும் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் மனம் சொல்வதைச் செய்யுங்கள்.